கன்னிமூலை அறையில் சிக்னல் இல்லை

வீட்டுக்குள் சிக்னல் வராமல் போவதற்கு இத்தனை காரணங்கள் உண்டென்று இந்த வேலைக்கு வருவதற்கு முன் எனக்குத் தெரியாது. இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி, மீன் தொட்டி, ஃப்ரிட்ஜ். பீளமேட்டில் ஒரு வீட்டில், சிக்னலைக் கடத்துகிற நோடு பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று அதை எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடி வைத்துவிட்டு, மூன்று நாளாக நெட் வரவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். பதினோரு வருடமாக மீட்டரும் ஏணியுமாகக் கோயமுத்தூர் முழுக்க அலைகிறேன். மனிதர்கள் தாங்களே செய்துவைத்த குளறுபடியைத் தவிர வேறு பழுதை நான் பார்த்தது அபூர்வம்.

அன்று காலை வந்த புகார் சிங்காநல்லூரிலிருந்து. 'கன்னிமூலை ரூமில் சிக்னல் இல்லை. அங்கே போனால் ஐயா உளறுகிறார்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் சிவப்புக் குறி. சிவப்புக் குறி போட்டிருந்தால் அந்த வீட்டில் பேச்சுத்துணைக் கருவி வைத்த நோயாளி இருக்கிறார் என்று அர்த்தம். அந்தப் புகாரை அன்றைக்கே முடித்தாக வேண்டும். எனக்கு முன்னால் இரண்டு பேர் போய், 'வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிட்டுத் திரும்பியிருந்தார்கள். ஏணி தூக்கச் சோம்பல்படுகிறவன் எழுதுகிற வாசகம் அது. அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். நான் போனால் முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று எனக்கொரு திமிர் உண்டு.

கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். பெயர் துளசிமணி. என்னையும் ஏணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொம்பளப் புள்ளைய அனுப்பியிருக்கறாங்களா? வா கண்ணு. செருப்பை அக்கட்ட விட்டுட்டு வா. உம்பேரென்ன?"

"சுகந்திங்கம்மா. ஐயா எங்கிங்க?"

ஐயா ஹாலில், கை வைத்த மரநாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தேவசிகாமணி. பம்பு கம்பெனி ஒன்றில் முப்பது வருடம் டெஸ்பாட்ச் பார்த்து ஓய்வு பெற்றவர். ஆஜானுபாகுவான ஆள். பதினாலு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. கழுத்தில் பேச்சுத்துணையின் பட்டையான பட்டி, காதுக்குப் பின்னால் சின்ன வில்லை. மனைவி அவருக்கு முகம் மழித்து, நெற்றியில் திருநீறு வைத்துவிட்டிருந்தார்.

"வாங்கம்மா, வெயில்ல வந்திருக்கறீங்க. துளசி, மோர் கொண்டா" என்றது அவர் குரல். கணீரென்று, பதமாக வந்த குரல். வாய் மட்டும் ஒரு பக்கமாகக் கோணி லேசாக அசைந்தது. பேச்சுத்துணைக்காரர்களிடம் நான் முதலில் கண்ணைத்தான் பார்ப்பேன். இவர் கண் என்னை வரவேற்கவில்லை. அது என்னிடம் எதையோ அவசரமாகக் கேட்டது. இப்படிப் பார்க்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் கண்டுகொள்ளவில்லை.

மீட்டரை எடுத்தேன். மெயின் பெட்டி வாசல் பக்க அறையில் இருந்தது. ஹாலில் ஒரு நோடு, சமையலறையில் ஒன்று, கன்னிமூலையான தென்மேற்கு அறையில் ஒன்று. நோடு என்பது சோப்பு டப்பா அளவுள்ள வெள்ளைப் பெட்டி. ஒன்று கொடுப்பதை இன்னொன்று வாங்கி அடுத்ததற்குத் தள்ளிவிடும். மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் மீட்டர் ஐந்து புள்ளி காட்டியது, அதுதான் முழு சிக்னல். ஹாலில் இரண்டு. அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது, பத்தடி தூரத்தில் மூன்று புள்ளி எங்கே போகும்?

"ஹால்ல எல்லாம் நல்லாத்தான் பேசறாரு கண்ணு. இப்பப் பாரு" என்ற துளசிமணி கணவர் பக்கம் திரும்பி, "ஏனுங்க, சசி பேசுனானுங்களா?" என்றார்.

"பேசுனான். நல்லா இருக்கறான்" என்றது குரல்.

"பையனுங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா. சசிதரன். நாக்பூர்ல இருக்கறான். எங்கூடப் பேசமாட்டான், அவங்கப்பன்கூடத்தான். நான் தெனமும் சாயங்காலம் இதைக் கேக்கோணும், அவரும் இதையே சொல்லோணும்." சொல்லிவிட்டு எதற்கோ சிரித்தார். பிறகு, "ஒண்ணு கேக்கட்டுமா? இது அவரு பேசறதா, பெட்டி பேசறதா?" என்றார்.

எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான். பதிலும் எனக்கு மனப்பாடம்.

"ரெண்டுந்தானுங்கம்மா. ஐயா பேச வாயெடுத்தா இந்தப் பட்டி அதைப் புடிச்சுப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டிகிட்ட அவரோட பழைய பேச்செல்லாம் இருக்குது. வீட்டுல பேசுனது, போன்ல பேசுனது, எல்லாம் ஆஸ்பத்திரியில ஏத்திக் குடுத்திருப்பாங்க. இந்த இடத்துல இவரு வழக்கமா என்ன சொல்லுவாருன்னு பார்த்து, விட்டுப்போனதை ரொப்பி, அவரு குரல்லயே வெளிய விடும்."

"அவரு வேற எதாச்சும் சொல்ல வந்தா?"

"வழக்கமா சொல்றதைத்தான் சொல்ல வர்றாருன்னு அது எடுத்துக்கும்."

"சிக்னல் இல்லாட்டி?"

"சுத்தமா இல்லைன்னா பெட்டி வாயே தொறக்காது. அவரே சொந்தமாத் திணறிக்கோணும். கொஞ்சமா இருந்தா, அடிக்கடி சொன்ன சின்னச் சின்ன வார்த்தையை மட்டும் சொல்லும். நல்லா இருந்தா கோர்வையா, முன்ன மாதிரியே பேசுவாரு."

துளசிமணி இதை ஒவ்வொரு சொல்லாக வாங்கிக்கொண்டார். பாடம் கேட்கிற மாதிரி தலையாட்டினார். சமையலறையில் பால் பொங்கும் சத்தம் கேட்டதும்தான் எழுந்து போனார்.

தென்மேற்கு அறைக்குப் போக ஒரு சின்ன இடைவழி. பழைய ஈரம் சுவரில் பூத்திருந்தது. நான் மீட்டரோடு அதில் நுழைந்தபோது பின்னால் நடைக்கம்பி தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. தேவசிகாமணி இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

"நீங்க உக்காருங்கய்யா, நான் பாத்துக்கறேன்."

"சரிம்மா, நீங்க பாருங்க" என்றது குரல். ஆள் நிற்கவில்லை. இடைவழியைத் தாண்டி அறைக்குள் கால் வைத்ததும் குரல் அறுந்தது. மீட்டரில் புள்ளியே இல்லை. அங்கே இருந்த கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்து, இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். இரும்புப் பிடி.

"இல்... ல" என்றார். இது வேறு குரல். நாக்கு புரளாத, எச்சில் கலந்த, கரகரத்த குரல். "சசி... இல்... ல."

"கேட்டியா கண்ணு?" என்று சமையலறையிலிருந்து துளசிமணி சத்தம் போட்டார். "அங்க போனாலே இப்படித்தான் உளர்றாரு. தெனமும் மத்தியானம் அந்த ரூமுக்குத்தான் போவேன்னு ஒரே அடம். சீக்கிரம் சரி பண்ணு."

மணிக்கட்டை மெதுவாக விடுவித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். பழுது தலைக்கு மேலேயே இருந்தது. இடைவழி முழுக்கப் பரண். அதில் கூரை வரைக்கும் பாத்திரம். பித்தளை அண்டா, தவலை, எவர்சில்வர் டிரம், அடுக்கு, தாம்பாளம், எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக. கன்னிமூலையில் கனம் ஏற்றினால் குடும்பம் நிலைக்கும் என்று யாரோ வாஸ்து பார்த்துச் சொல்லியிருப்பார்கள். நல்ல கனம்தான். அலைக்கு இதைவிடக் கெட்டியான சுவரை இன்ஜினியர் வைத்துக் கட்டினாலும் கட்ட முடியாது.

ஹாலின் மூன்று புள்ளி எங்கே போனதென்பதும் புரிந்தது. ஒரு நோடு திணறினால் அது திரும்பத் திரும்ப சிக்னல் கேட்டுக் கத்திக்கொண்டே இருக்கும். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே வீட்டில் இருக்கிற மற்ற நோடுகளுக்கும் நேரம் போய்விடும். இந்த மூலையைச் சரி செய்தால் வீடு முழுக்க ஐந்து புள்ளி வரும்.

ஏணி போட்டு ஏறி ஒரு தவலையைத் திருப்பினேன். 'தே. சசிதரன்' என்று பேர் வெட்டியிருந்தது. அடுத்ததிலும் அதேதான். ஒரு கரண்டி விடாமல் பேர். பையன் தனிக்குடித்தனம் போகும்போது கொடுக்க வேண்டும் என்று வருடக்கணக்காக வாங்கிச் சேர்த்திருக்கிறார்கள். என் முன்னவர்கள் இரண்டு பேரும் ஏன் திரும்பிப் போனார்கள் என்று இப்போது தெரிந்தது. மகன் பேர் வெட்டிய பாத்திரத்தில் கைவைக்க எந்த அம்மா விடுவாள்? சண்டைக்குத் தயாராகத்தான் சமையலறைக்குப் போனேன்.

"அம்மா, பரண்ல இருக்கற பாத்திரத்தை எறக்கோணுங்க. வேற வழியில்லை."

துளசிமணி அடுப்பை அணைத்தார்.

"எறக்கிரு கண்ணு. கோயிலுக்குக் குடுத்தரலாம். அன்னதானத்துக்கு ஆகும்."

"பழைய ஆளுங்க வந்தப்போ வேண்டாம்னுட்டீங்களாமா?"

"அப்ப மனசு வரலை."

எனக்கு வேலை சுலபமாகிவிட்ட சந்தோஷம். வேறெதையும் நான் யோசிக்கவில்லை. ஒவ்வொன்றாக இறக்கி ஹாலில் அடுக்க ஆரம்பித்தேன். தேவசிகாமணி கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் அண்டா இறங்கியபோது அவர் முகம் மாறியது. இரண்டாவது இறங்கும்போது நடைக்கம்பியை எட்டித் தள்ளினார். அது என் ஏணிக் காலில் வந்து மோதியது.

"என்னங்கய்யா?"

"வே... ணா."

இறங்கிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இப்படித் திணறுகிறவர்களோடு பேச ஒரு வழி உண்டு. நாம் கேள்வி கேட்க வேண்டும், அவர்கள் கையை அழுத்த வேண்டும். ஒரு அழுத்து ஆமாம், இரண்டு அழுத்து இல்லை. எழுதிக் காட்டச் சொல்ல முடியாது. பேச்சு போன இடத்தில்தான் எழுத்தும் போகிறது.

"பாத்திரம் சசிக்கு வேணும்ங்கறீங்களா?"

இரண்டு அழுத்து.

"அப்பறம் ஏன் வேண்டாங்கறீங்க? சிக்னல் வர்றது வேண்டாமுங்களா?"

ஓர் அழுத்து. பலமாக.

"ஏனுங்கய்யா? அம்மாகிட்ட நல்லாப் பேசலாமே."

அவர் வாயைக் கூட்டினார். நெற்றி நரம்பு புடைத்தது. ஒவ்வொரு எழுத்தாக வெளியே தள்ளினார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். சசி. காய்ச்சல். மூணு. வருசம். அப்புறம், 'நான்' என்று சொல்லித் தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி, 'கொள்ளி' என்றார்.

அவர் கையை மறுபடியும் பிடித்துக்கொண்டேன்.

"சசி செத்துப்போய் மூணு வருசம் ஆச்சுங்களா? நீங்கதான் போய்க் கொள்ளி வெச்சீங்களா?"

ஓர் அழுத்து.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

இரண்டு அழுத்து. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மழித்த கன்னத்தில் ஓடியது. நான் சற்று முன் ஹாலில் கேட்ட குரல் நினைவுக்கு வந்தது. பேசுனான். நல்லா இருக்கறான். பக்கவாதம் வருவதற்கு முன் இந்த மனிதர் ஒவ்வொரு சாயங்காலமும் மனைவியிடம் அதைச் சொல்லியிருக்கிறார். பெட்டி அதைத்தான் கற்றுக்கொண்டது. இப்போது அவர் 'இல்லை' என்று சொல்ல வாயெடுத்தாலும் பெட்டி அதைத் திருத்தி, 'நல்லா இருக்கறான்' என்று வெளியே விடுகிறது. பதினாலு மாதமாக அந்தக் குரல் தன் வாயிலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இந்த வீட்டில் அவரால் உண்மை பேச முடிகிற ஒரே இடம் இந்தக் கட்டில்தான்.

"நான் அம்மாகிட்டச் சொல்லட்டுங்களா?"

இரண்டு அழுத்து. தன் நெஞ்சையே தட்டினார். "நா... ன்." பிறகு சமையலறைப் பக்கம் கை நீட்டி, கட்டிலைத் தட்டினார். அவளை இங்கே கூட்டி வா என்கிறார். நானே சொல்கிறேன் என்கிறார்.

கையைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். துளசிமணி பாத்திரம் கட்டுவதற்குப் பழைய சேலையைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு அஞ்சு நிமிசம் அந்த ரூமுக்கு வாங்க. ஐயா உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்கறாரு."

"வரலை கண்ணு."

"முக்கியமான விசயமுங்க. அவரே சொல்லோணுங்கறாரு. வந்து பக்கத்துல உக்காந்தாப் போதும்."

"அங்க நான் போறதில்லை."

கிழிக்கிற கை நிற்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகன் என்றைக்காவது வருவான் என்று காத்திருக்கிற அம்மா, அவன் பேர் வெட்டிய பாத்திரத்தைக் கோயிலுக்குக் கொடுக்கச் சொல்ல மாட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டேன்.

துளசிமணி சேலையைக் கீழே வைத்தார். கதவுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"மெர்சி போன் பண்ணுனா. அவன் பொண்டாட்டி. அவன் போய் மூணாவது மாசம். எங்கூட அதுக்கு முந்தி ஒரு வார்த்தை பேசுனதில்லை அவ. 'அத்தை, உங்களுக்கு யாருமே சொல்லலையா'ன்னு கேட்டா. பழைய கம்பெனி ஆளுங்க மீட்டிங்குன்னு சொல்லிட்டு இவரு நாலு நாள் போய்ட்டு வந்தாரு பாரு, அதுதான்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சது."

"தெரிஞ்சும் தெனமும் கேக்கறீங்களா?"

"அவ வேதக்காரப் புள்ளைன்னு நான் ஆடுன ஆட்டம் உனக்குத் தெரியாது. சசியை வாசல்ல நிக்க வெச்சு, நீ செத்தாலும் உன்ற மூஞ்சில முழிக்க மாட்டேன்னேன். என்ற வாயில வந்தது அது." அவர் அழவில்லை. எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "அதுக்காகத்தான் இவரு எங்கிட்ட மறைச்சாரு. நான் சொன்னதுதான் பலிச்சதுன்னு நெனச்சு நான் செத்துப்போயிருவேன்னு. சரி, மறைச்சாரு. நானும் மெர்சிகிட்டக் கேட்டதை இவருகிட்ட மறைச்சேன். சாயங்காலம் ஆனா கேட்டேன், இவரு சொன்னாரு. நல்லா இருக்கறான்னு சொல்றப்போ ஒரு நிமிசம் அவன் நல்லா இருக்கற மாதிரியே இருக்கும் கண்ணு. அவளுக்கு ஒரு கொழந்தைகூட இல்லை, நான் போய்ப் பார்த்து அழறதுக்கு. எனக்கு இருக்கறது அந்த ஒரு வார்த்தைதான்."

"ஐயாவுக்கு அது நரகமுங்கம்மா. அதை வாய்ல வெச்சுட்டு அவரு படற பாடு உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியுது."

"அப்படின்னா வந்து கேளுங்க. எனக்குத் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அவருக்குப் பாரம் எறங்கிரும்."

"எறங்காது. தெரிஞ்சுட்டே மூணு வருசமா என்னையப் பொய் சொல்ல வெச்சாளேன்னு அவருக்கு இருக்கும். நீ சொல்லிராத. எம்மேல ஆணையா சொல்லிராத." பிறகு முகம் இறுகியது. "அவரு வாயில அவன் செத்தாங்கறதை நான் கேக்க மாட்டேன். உன்னை நெட்டு சரி பண்ணத்தான் கூப்பிட்டேன். பண்ணிட்டுப் போ."

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கிழவி மேல், அந்த மனிதர் மேல், சிவப்புக் குறி மேல், எல்லாவற்றின் மேலும். 'வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். நான் இளக்காரமாக நினைத்த அந்த இரண்டு பேரும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் புகாரில் துளசிமணிதான் நோயாளிக்குப் பொறுப்பாளர் என்று எழுதியிருந்தது. பொறுப்பாளர் கேட்டுக்கொண்டு, வழியும் திறந்து கிடக்கும்போது, சிவப்புக் குறியை அப்படியே விட்டுவிட்டு வந்தால் எங்கள் கம்பெனியில் விளக்கம் கேட்பார்கள். அது ஒரு சாக்கு. நிஜத்தில், ஏறிய ஏணியை விட்டு வேலை முடிக்காமல் இறங்கிப் பழக்கமில்லை எனக்கு.

இன்னும் ஒரு படி பாக்கி இருந்தது. பேச்சுத்துணை வீட்டில் எதை மாற்றினாலும் நோயாளியின் சம்மதத்தை அவர் குரலில் பதிவு செய்ய வேண்டும். பதிவு தெளிவாக இருப்பதற்காக நோயாளியை மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து வாங்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. இத்தனை வருடத்தில் நானூறு, ஐந்நூறு பேரிடம் அப்படி வாங்கியிருக்கிறேன். அந்த விதியை எழுதியவன் யோசித்து எழுதினானா, யோசிக்காமல் எழுதினானா என்று எனக்கு அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது.

தேவசிகாமணியை நானும் துளசிமணியுமாகப் பிடித்து வாசல் அறைக்குக் கூட்டிவந்தோம். அந்த அறைக்குப் போவதில்லை என்ற துளசிமணி இதற்கு மட்டும் உள்ளே வந்தார், அவர் வாயெடுப்பதற்குள் எழுப்பிவிட்டார். மனைவி கட்டிலுக்கு வருவாள் என்று காத்திருந்தவர், மனைவி கை தன்மேல் பட்டதும் நம்பிவிட்டார். கோணல் வாயோடு அவளைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். கன்னிமூலை அறையைத் தாண்டி வெளியே நடத்தியபோதுதான் புரிந்துகொண்டு காலை ஊன்றினார். பெரிய உடம்பு. இருந்தாலும் ஒரு பக்கம் உணர்ச்சி இல்லாத உடம்பை இரண்டு பேர் நடத்துவது ஒன்றும் கஷ்டமில்லை.

போனை அவர் முன் நீட்டினேன்.

"ஐயா, உங்க வீட்டு இணைப்பை மாத்தி அமைக்கப் போறோம். உங்களுக்குச் சம்மதமுங்களா?"

அவர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். பலமாக ஆட்டினார். வாய் திறந்து, கழுத்து நரம்பெல்லாம் இழுத்துக்கொண்டு, எதையோ கத்த முயன்றார்.

"சம்மதம்மா. தாராளமாப் பண்ணுங்க" என்றது குரல்.

தலையாட்டல் கணக்கில் சேராது. பக்கவாதக்காரர்களுக்குத் தலை தானாகவே ஆடும் என்று கையேட்டில் இருக்கிறது. போன் பச்சை விளக்கு காட்டிப் பதிவை ஏற்றுக்கொண்டது. அவர் கண்ணைப் பார்க்காமல் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவரிடம் குனிந்து, 'அம்மாவுக்கு எல்லாம் தெரியுமுங்கய்யா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆணை என்று சொன்னதற்காகச் சொல்லாமல் விட்டேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான்.

மீதிப் பாத்திரத்தை இறக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கன்னிமூலை நோடைக் கழற்றி இடைவழிச் சுவரில் ஆளுயரத்துக்கு மாற்றி அடித்தேன். எல்லா நோடையும் அணைத்து ஒவ்வொன்றாக உயிர்ப்பித்தேன். பக்கத்து வீட்டு சிக்னல் குறுக்கிடாத தடத்துக்கு மாற்றினேன். மீட்டரோடு வீட்டைச் சுற்றி வந்தேன். ஹாலில் ஐந்து புள்ளி. சமையலறையில் ஐந்து. கன்னிமூலை அறையில், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால்கூட ஐந்து. நல்ல வேலை. என்னைத் தவிர வேறு யாராலும் அந்த வீட்டில் அப்படிச் செய்திருக்க முடியாது.

மணி நாலரை. துளசிமணி முகம் கழுவி, சாமிக்கு விளக்கேற்றிவிட்டு வந்தார். தேவசிகாமணி மறுபடியும் ஹாலில், அதே நாற்காலியில். சுற்றிலும் சேலைத் துணியில் கட்டிய பாத்திர மூட்டைகள். நான் கையெழுத்து வாங்குவதற்காக நின்றேன்.

"இரு கண்ணு, ஒருக்காப் பாத்துக்கறேன்" என்றவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, சசி பேசுனானுங்களா?"

"பேசுனான். நல்லா இருக்கறான்."

துளசிமணி தலையசைத்துவிட்டு எழப் பார்த்தார். குரல் நிற்கவில்லை.

"மத்தியானம் பேசுனான் துளசி. உன்னத்தான் கேட்டான். கால் வலி எப்படி இருக்குதுன்னு கேட்டான்."

துளசிமணி அப்படியே நின்றுவிட்டார். எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான், வந்தவுடனே நானே என் வாயால் சொன்னேன். கொஞ்சமாக இருந்தால் சின்ன வார்த்தை. நிறைய இருந்தால் கோர்வையாக. இதுவரை பெட்டிக்கு இரண்டு புள்ளிதான் இருந்தது. இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டது. நான் ஐந்து கொடுத்திருந்தேன்.

"உம்மேல அவனுக்குக் கோவமெல்லாம் ஒண்ணுமில்லை" என்றது குரல், வாஞ்சையாக. "அம்மா மேல எனக்கென்னப்பா கோவம்னு கேட்டான். தையில லீவு போட்டுட்டு வர்றேன்னான்."

தேவசிகாமணியின் இடது கை நாற்காலிக் கையை அடித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையால், பிறகு முஷ்டியால். கண்கள் மனைவியைப் பார்த்து, அந்தக் குரலை நம்பாதே என்று கெஞ்சின. பேச்சை நிறுத்த அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். ரத்தம் கசிந்தது. குரலுக்கு உதடு தேவையில்லை.

"அம்மா, நான் கழட்டிர்றேன்" என்றேன். "ரெண்டு நிமிசம். பழையபடி வெச்சிர்றேனுங்க."

துளசிமணி என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டி என்னைத் தடுத்தார். முக்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நாற்காலியை அடித்துக்கொண்டிருந்த அந்தக் கையைப் பிடித்துத் தன் இரண்டு கைக்கும் நடுவில் அடக்கி, மடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"மெர்சியையும் கூட்டிட்டு வர்றானுங்களா?"

"வர்றாங்க. கொழந்தையையும் தூக்கிட்டு வர்றாங்க."

துளசிமணியின் முகம் மெல்ல மலர்ந்தது.

"என்ன பேரு வெச்சிருக்கறாங்க?" என்று கேட்டார்.